பாவடி அத்தாயியின் கேள்வி

“உன்ற ஊட்டுக்காரரு பேரென்ன? சொல்லு பாக்கலாம்.”

நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூலின் இந்தப் பக்கம் நின்று அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டே அத்தாயி கேட்கிறாள். அந்தப் பக்கம் நிற்பவள் போன மாதம்தான் தாலி கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்த புதுப்பெண். அவள் முகம் சிவக்கிறது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கை மட்டும் நிற்காமல் அடுத்த இழையைத் தேடுகிறது.

“சிரிச்சா ஆச்சா? கண்ணாடி போட்ட தொரை நாளைக்கு உன்னையக் கேப்பாரு. இப்புடிச் சிரிச்சுக்கிட்டு நின்னீன்னா உன்ற ஓட்டைப் போட எருமப்பட்டியிலருந்து ஒருத்தி வண்டியேறி வருவா. ஓட்டை மட்டுமா போட்டுட்டுப் போறா? உன்ற புருசனையும் அன்னைக்கு ஒரு நாளைக்குத் தனக்குன்னு எழுதிக்கிட்டல்ல போறா! சொல்லு புள்ளெ.”

புதுப்பெண் சொல்லவில்லை. அதற்காக அத்தாயி கோபித்துக்கொள்வதும் இல்லை. கேழ்வரகுக் கஞ்சி ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “சரி, நாளைக்கும் கேப்பேன்” என்று அடுத்த பாவுக்கு நகர்கிறாள். அங்கேயும் இதே கேள்விதான். தண்ணீர் எடுக்கும் இடத்திலும் இதே கேள்வி. போன ஆடியில் இழவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன இடத்தில்கூட, அழுகை சற்று ஓய்ந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளை மெதுவாக இதையே கேட்டுவிட்டாள்.

ராசிபுரத்துக்கு மேற்கே தொட்டிப்பாளையம் என்று ஓர் ஊர். அங்கே நெசவாளர் தெருவுக்குப் பின்னால் வேப்பமரங்கள் நிற்கும் மைதானத்துக்குப் பாவடி என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தேய்த்துக் காயவைக்கிற இடம் அது. விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஊரில் தறி ஓடுகிறதென்றால் பாவடி இருப்பதால்தான் ஓடுகிறது. இது அந்தத் தெருவில் தவழும் குழந்தைக்கும் தெரியும். பஞ்சாயத்து போர்டுத் தலைவராக வெகுகாலம் வீற்றிருந்த மருதாசலத்துக்கு மட்டும் தெரியவில்லை. அல்லது மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது.

மருதாசலம் நூல்கடை முதலாளி. தெருவில் பாதிப் பேர் அவரிடம் நூல் வாங்கி அவருக்கே சேலை நெய்து கொடுப்பவர்கள். பாவடியைச் சந்தைப்பேட்டையாக்கி, அதன் குத்தகையைத் தம் மைத்துனருக்கு விடவேண்டும் என்பது அவர் செய்ய நினைத்த ஊர்த்தொண்டுகளில் தலையானது. “சும்மாக் கெடக்கற எடந்தானுங்களே!” என்று எல்லோரிடமும் சொல்வார். வெயில் நன்றாக ஏறிய பிறகு படுக்கையை விட்டு எழுந்து வருகிறவருக்கு அந்த இடம் எப்போதும் சும்மாக் கிடப்பதாகத்தான் தெரியும்.

அத்தாயி மருதாசலத்திடம் நூல் வாங்குகிறவரின் மனைவி. நாற்பதைத் தாண்டியவள். பாவடியின் ஒரு கோடியில் நின்று அவள் பேசினால் மறு கோடியில் மேயும் கழுதை காதைத் தூக்கிப் பார்க்கும். பேசும்போது எதிரே இருப்பவரின் தோளில் தட்டாமல் அவளுக்குப் பேச வராது. அதனால் அவளோடு பேச வருகிறவர்கள் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொள்வார்கள். அவள் தகப்பனார் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு அவள் பேரிலேயே வரி. வரி கட்டுகிறவர்களுக்குத்தானே இந்தக் காலத்தில் ஓட்டு? “ஊட்டோட வந்த ஓட்டுங்க. காதுல கெடக்கற தோடாட்டம் அதும் என்றதுதான்” என்பாள். அந்தத் தெருவில் ஓட்டுள்ள பெண்கள் நிறைய. கணவன்மார் மனைவிமேல் கொண்ட மதிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. கடன்காரனுக்குப் பயந்து வீட்டை மனைவி பேரில் எழுதிவைத்தவர்கள் அவர்கள். அப்படி எழுதியபோது கூடவே ஓட்டும் போய்விடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன தேர்தலுக்கு முந்தைய தேர்தலில்தான் அத்தாயியின் கேள்வி பிறந்தது. ஊர்ச் சாவடியில் ஓட்டுப் போட ஏற்பாடு. தேர்தலில் நிற்கும் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறமாக ஓட்டுப் பெட்டிகளுக்குச் சாயம் பூசித் திரைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். சேலத்திலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட வாலிப அதிகாரி ஒருவர் வந்திருந்தார். படித்தவர், நல்லவர், தேசம் முன்னேற வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அந்த ஆசைதான் அன்று அவ்வளவு கெடுதலும் செய்தது.

வரிசையில் முதலில் வந்தவள் ஜானகியம்மாள். அவள் கணவர் பெயர் பாலசுந்தரம். கலியாணமான நாளிலிருந்து அவள் பாலைப் பால் என்று சொன்னதில்லை, ‘வெள்ளை’ என்பாள். அவளிடம் போய் அதிகாரி, “கணவர் பெயர்?” என்று கேட்டார். ஜானகியம்மாள் தரையைப் பார்த்தாள். “அவியதானுங்க” என்றாள். “அவிய என்றால் யார்?” “எங்கூட்டுல இருக்கறவிய.” அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பெண்கள் எங்கெங்கோ எவ்வளவோ முன்னேறிவிட்டதைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தார். பிறகு, “பெயர் சொல்லாமல் ஓட்டுச் சீட்டுக் கொடுக்க முடியாது. தள்ளி நின்று யோசித்துக்கொண்டு வா அம்மா” என்றார். கணவன் பெயரை யோசித்துத்தான் சொல்லவேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார், பாவம். அடுத்தவளும் அப்படியே நின்றாள். அவளுக்கு அடுத்தவளும் அப்படியே. அத்தாயி தன் பங்குக்கு, “ஊருக்கே தெரியுமுங்க, உங்களுக்கு மட்டும் எதுக்குங்க?” என்று அதிகாரியின் தோளில் தட்டப் போனாள். அவளையும் வெளியே அனுப்பினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் எருமப்பட்டியிலிருந்து கூண்டு வண்டிகள் வந்தன. இறங்கியவர்கள் முகத்தை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. தலையில் பூ, வாயில் வெற்றிலை. “கணவர் பெயர்?” என்று கேட்டு அதிகாரி வாயை மூடுவதற்குள் “பாலசுந்தரம்!” என்றாள் ஒருத்தி, கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல. அதிகாரிக்கு உள்ளம் குளிர்ந்தது. அத்தாயியின் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தவள் அவர் கேட்கும் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. “புருசன் சின்னுசாமி” என்று தானாகவே சொன்னாள். மருதாசலத்தின் பக்கத்து ஏஜெண்டாக உள்ளே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர் வேறு யாருமில்லை, அத்தாயியின் கணவர் சின்னுசாமியேதான். எழுதப் படிக்கத் தெரிந்தவர், மருதாசலத்தின் நூலில் நெய்பவர் என்று இரண்டு யோக்கியதைகள் அவருக்கு உண்டு. “இது உங்கள் சம்சாரம்தானே?” என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். சின்னுசாமி அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. சாயம் பூசிய பெட்டிகளின் பக்கம் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

அத்தாயி திரும்பி வந்து நின்றபோது, “உன் ஓட்டு ஆகிவிட்டதே அம்மா!” என்றார் அதிகாரி.

“ஆருங்க போட்டது?”

“நீதான்.”

“நானா? நாந்தான் இங்க நிக்கறேனுங்களே!”

“நிற்கலாம். ஆனால் போட்டுவிட்டாய்.”

அன்றைக்குத் தொட்டிப்பாளையத்துக் கணவன்மார் பலருக்கும் இரண்டிரண்டு மனைவிமார். கட்டினவள் செல்லாதவள், வண்டியில் வந்தவள் செல்லுபடியானவள். மருதாசலம் மறுபடியும் தலைவரானார். மாலையும் மேளமுமாக அவர் பாவடி வழியாகவே ஊர்வலம் போனார், இடத்தை அளந்து பார்க்கிறவர் மாதிரி.

வீட்டில் அத்தாயி ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சின்னுசாமி தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “எருமப்பட்டிக்கு வண்டி இப்பத்தான் போவுது. எட்டி நடந்தாப் புடிச்சறலாம். அங்க போயி அவளச் சோறு போடச் சொல்லுங்க” என்றாள். “தலைதான் ஆடுச்சு புள்ளெ, நானா ஆட்டுனேன்?” என்றார் சின்னுசாமி. நூல் தருகிறவன் பிடித்திருக்கும் தலை அப்படித்தான் ஆடும் என்பது அத்தாயிக்குத் தெரியும். தெரிந்ததால் சோறு போட்டாள். ஆனால் தெரிந்ததால் ஆத்திரம் குறைந்துவிடுமா? தோட்டைக் கழற்றி இன்னொருத்தி காதில் மாட்டிவிட்டு, ‘ஆமாம், இவளுடையதுதான்’ என்று கட்டினவனே சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் பாவடியில் கேள்வி ஆரம்பமாயிற்று. “உன்ற ஊட்டுக்காரரு பேரென்ன?” முதலில் எல்லோரும் அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று பயந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் சித்தம் கலங்கிற்று. தெருப் பெரியதனக்காரர் கூட்டம் கூட்டினார். மனைவி தன் வாயால் கணவன் பேரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அத்தாயி இந்தத் தெருவையே தாலியறுக்கப் பார்க்கிறாள் என்று சொன்னார். கூட்டம் உச்சுக் கொட்டியது. அத்தாயி எழுந்தாள். பெரியதனக்காரர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஏனுங் மாமா, எருமப்பட்டிக்காரிக உங்க அத்தன பேரு பேரையும் ஏலம் போட்டாப்பல கத்திட்டுப் போனாளுகளே. ஆருக்காச்சும் ஒரு தும்மல் வந்துச்சுங்களா?”

“அதெப்புடி வரும்? கட்டுனவ சொன்னாத்தானே?” என்றார் பெரியதனக்காரர்.

“அப்ப அவளுக கட்டுனவளுக இல்லீன்னு உங்களுக்குத் தெரியுதல்லங்க? அதையத்தான் சாவடியில வந்து சொல்லச் சொல்றேன். நீங்க சொல்லிப்போட்டா நாங்க எதுக்குங்க வாயத் தொறக்கறோம்? உங்க ஆயுசும் கெட்டி, எங்க ஓட்டும் கெட்டி.”

பெரியதனக்காரர் துண்டை உதறினார். அவர் வீட்டுத் தறியிலும் மருதாசலத்தின் நூல்தான் ஓடிக்கொண்டிருந்தது. சாவடியில் வந்து சொல்வதைவிட ஆயுசு கொஞ்சம் குறைவது பரவாயில்லை என்று அவர் தீர்மானித்திருக்க வேண்டும். கூட்டம் ஒரு முடிவுக்கும் வராமல் வெற்றிலை போட்டுக் கலைந்தது.

அத்தாயியின் பள்ளிக்கூடத்துக்கு மணியும் இல்லை, பலகையும் இல்லை. பாவு நீட்டியிருக்கும் வரைக்கும் பாடம். முதலில் அடுத்தவள் கணவன் பேரைச் சொல்லச் சொல்வாள். அது எல்லோருக்கும் தண்ணீர் பட்ட பாடு. ஊர்ச் சண்டைகளில் பழகியதுதானே! பிறகு, இழை முடியும்போது பல்லைக் கடித்துக்கொண்டு தன் கணவன் பேரை மனசுக்குள் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் வேப்பமரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பூவாத்தாளின் கணவன் பெயர் குமாரசாமி. அந்தப் பேருடைய முருகனைக்கூட ‘மலைமேல இருக்கறவரு’ என்றே கும்பிட்டு வந்தவள் அவள். மரத்தைப் பார்த்து முதல் தடவை சொன்ன அன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, கணவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துவிட்டு வந்தாள். விட்டுக்கொண்டுதான் இருந்தான், குறட்டையாக. அதற்குப் பிறகு அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. பயம் விட்டுப்போனதில் ருசியும் கண்டுவிட்டாள். “கொமாரசாமி, கொமாரசாமி” என்று பாவடி முழுவதும் கேட்கும்.

“நீ சொல்லுக்கா, ஒருக்காக் கேக்கறோம்” என்று ஒரு நாள் பெண்கள் அத்தாயியை மடக்கினார்கள். “எனக்கென்ன, நேரம் வந்தா நாஞ் சொல்லிப் போடுவேன்” என்று அவள் குனிந்து, அறாத இழையில் முடிச்சுப் போட்டாள்.

அடுத்த தேர்தல் வந்தது. மருதாசலத்தை எதிர்த்து எண்ணெய்ச் செக்கு கருப்பண்ணன் நின்றார். பாவடியைத் தொட மாட்டேன் என்று மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். ஓட்டுப் போடும் அன்று பாவு நீட்ட ஒருவரும் வரவில்லை. விடிந்தும் விடியாமல் பெண்கள் அத்தனை பேரும் சாவடிக்கு முன்னால் குளித்துத் தலை முடிந்து நின்றார்கள். வந்திருந்தவர் அதே கண்ணாடி அதிகாரி. உள்ளே பெஞ்சியில் மருதாசலம், அவர் பக்கத்தில் ஏஜெண்டாக அதே சின்னுசாமி. போன தடவை ஆடிய தலை இந்தத் தடவையும் ஆடும் என்ற நம்பிக்கை.

“கணவர் பெயர்?”

ஜானகியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “பாலசுந்தரம்” என்றாள். சொல்லிவிட்டுத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சீட்டுக் கிடைத்தது. பூவாத்தாள் சொன்னது தெருக்கோடியில் தறிக்குழிக்குள் இருந்த குமாரசாமிக்கே கேட்டிருக்கும். மருதாசலத்துக்கு அப்போதுதான் விளங்கிற்று. பெஞ்சியை விட்டுத் துள்ளி எழுந்தார். “ஆட்சேபணை சார்! இவளுக எல்லாம் வேஷக்காரிக. குடும்பப் பொம்பளை இப்புடிப் புருசன் பேரைச் சொல்லுவாளா? நான் இந்த ஊர்க்காரன் சார், எங்க வழக்கம் எனக்குத் தெரியாதா?”

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “போன தேர்தலில் இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் இதைவிடத் தைரியமாகச் சொன்னார்களே! நான் மேலிடத்துக்குப் பாராட்டியே எழுதினேனே! அப்போது நீங்கள் ஆட்சேபிக்கவில்லையே. அப்படியானால் அவர்கள் யார்?”

மருதாசலம் உட்கார்ந்தார். ஒரு மனிதர் அவ்வளவு மெதுவாக உட்கார்ந்ததைத் தொட்டிப்பாளையம் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

தேர்தல் முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். மருதாசலம் தோற்றார். பாவடியில் இன்றைக்கும் பாவு நீட்டுகிறார்கள். ஜெயித்த கருப்பண்ணன் கற்பூரத்தை மறக்கவில்லை. ஆனாலும் அடுத்த தேர்தலுக்கு இருக்கட்டும் என்று இப்போதே எருமப்பட்டிப் பக்கம் கூண்டு வண்டி விசாரித்து வைத்திருப்பதாகக் கேள்வி. அத்தாயி புதுப்பெண்களை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

இனிச் சொல்ல வேண்டியது அன்றைக்கு அவளுடைய ஓட்டு என்ன ஆயிற்று என்பது மட்டும்தான். எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு அத்தாயி கடைசியில் நின்றாள். எருமப்பட்டி வண்டிகள் இந்தத் தடவை சீக்கிரமே வந்து சேர்ந்திருந்தன. ஊர்ப் பெண்களின் கூட்டத்தைப் பார்த்து மற்றவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் இறங்கி வந்து அத்தாயிக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். போன தடவை சின்னுசாமிக்கு மனைவியாக இருந்த அதே அம்மாள்தான்.

“அத்தாயி. கணவர் பெயர்?” என்றார் அதிகாரி.

அத்தாயி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பாவடியில் அத்தனை பேருக்கும் பாடம் சொன்ன வாய் அது. இருபது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் பண்ணிய மனுஷர் எதிரே பெஞ்சியில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியிலிருந்து பூவாத்தாள், “சொல்லுக்கா, ஒண்ணும் ஆவாது!” என்று கத்தினாள். அதிகாரி இரண்டாம் தடவையும் கேட்டார். அத்தாயியின் உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

“அட, பரவாயில்லை அம்மா. தள்ளி நின்று யோசித்துக்கொள். பின்னால் இருக்கிறவர் வரட்டும்.”

மருதாசலம் முழங்கையால் சின்னுசாமியின் விலாவில் இடித்தார். அத்தாயியின் காதுக்குப் பின்னால் வெற்றிலை வாசனையோடு முணுமுணுப்புக் கேட்டது. அந்த அம்மாள் மறந்துவிடாமல் இருக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்: “சின்னுசாமி... சின்னுசாமி...”

“சின்னுசாமி!”

அத்தாயி கூப்பிட்டது பாவடிக் குரலில். அதிகாரியைப் பார்த்து அல்ல, பெஞ்சியைப் பார்த்து. சாவடியின் ஓடுகளுக்குள் இருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. அதிகாரி தலை நிமிராமலே சீட்டைக் கிழித்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு பெட்டிகளின் பக்கம் நடந்தாள். மருதாசலம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, சின்னுசாமி விசுக்கென்று எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் தம்மைக் கடந்து போகும் வரைக்கும் கைகட்டி நின்றார்.